இங்கிலாந்தில் நைட் கிளப் வாசலில் போலீஸ் பிடித்தால்: விளையாட வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி 2.40க்கு போன் அடித்தது. "அண்ணா, அவனைப் போலீஸ் வேன்ல ஏத்திட்டாங்க" என்றான் மறுமுனையில் இருந்தவன். அவன் என்றால் எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளன், ஊரிலிருந்து ஒரு சீசனுக்கு ஒப்பந்தமாகி வந்தவன், என் பொறுப்பில் இருந்தவன். சனிக்கிழமை ஆட்டம் ஜெயித்த கையோடு நாலைந்து பேர் நைட் கிளப் போயிருக்கிறார்கள். சிகரெட் பிடிக்க வெளியே வந்தவனை பவுன்சர், அதாவது வாசல் காவலர், மறுபடி உள்ளே விடவில்லை. வாய்த் தகராறு, தள்ளுமுள்ளு, வரிசையில் நின்ற ஒருவர் கீழே விழுந்தார். நடந்தது அவ்வளவுதான். அதிலிருந்து மீள ஐந்து மாதம் ஆயிற்று.

அந்த ஐந்து மாதத்தில் செய்யக் கூடாததை எல்லாம் நானும் அவனும் சேர்ந்து செய்தோம். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. நான் வக்கீல் இல்லை, அடிபட்டவன்.

1. வெளியே கிளம்பும் முன்

பாஸ்போர்ட்டை எடுத்துப் போகாதீர்கள். வயதைக் காட்ட ஓர் அட்டை போதும். பாஸ்போர்ட் மட்டும்தான் ஏற்போம் என்று சொல்லும் இடம் என்றால், வேறு இடத்துக்குப் போங்கள். விசா இப்போது டிஜிட்டலாக இருப்பதால், அதைக் காட்ட எந்த அட்டையும் சுமக்கத் தேவையில்லை.

இரண்டு போன் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள். ஒன்று, 24 மணி நேரமும் போன் எடுக்கும் கிரிமினல் வக்கீல் அலுவலகம். இன்னொன்று, நிதானமாக இருக்கக்கூடிய ஒரு பெரியவர். ஸ்டேஷனில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். யாருடைய எண்ணும் இப்போது நமக்கு மனப்பாடம் இல்லை. எங்கள் பையனுக்கு நினைவிருந்தது ஊரில் உள்ள அம்மாவின் எண் ஒன்றுதான். அந்த நேரத்தில் அம்மாவுக்கா போன் போடுவது?

ஒப்பந்தத்தில் நடத்தை பற்றிய பிரிவை ஒரு முறையாவது படியுங்கள். கைதானால் எத்தனை மணி நேரத்துக்குள் அணிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கலாம். எங்களுடையதில் 24 மணி நேரம் என்று இருந்தது. நான் அதைப் பார்த்தபோது 30 மணி நேரம் கடந்திருந்தது.

2. வாசலில் பவுன்சரோடு

இங்கே பவுன்சருக்கு அரசு உரிமம் வேண்டும், அந்த அட்டை வெளியே தெரிய வேண்டும். பிரச்சினை பெரிதாகும்போல் இருந்தால் அதில் உள்ள எண்ணை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு நகருங்கள். அவர் போலீஸ் இல்லை. ஆனால் உங்களை உள்ளே விடாமலிருக்கவும் வெளியே போகச் சொல்லவும் அவருக்கு முழு உரிமை உண்டு. போகச் சொன்ன பிறகும் குடிபோதையிலோ ரகளை செய்துகொண்டோ அங்கேயே நிற்பது தனிக் குற்றம். அபராதம் அதிகபட்சம் 200 பவுண்டுதான். ஆனால் எல்லா வழக்கும் தொடங்குவது அந்த நிற்பதில்தான்.

'ஜாக்கெட் உள்ளே இருக்கு', 'ஃப்ரெண்ட் உள்ளே இருக்கான்' இரண்டும்தான் ஆட்களை மறுபடி வாசலுக்கு இழுக்கிற காரணங்கள். ஜாக்கெட்டை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். நண்பனுக்குப் போன் இருக்கிறது.

இங்கிலாந்து ஆல்ரவுண்டர் பென் ஸ்டோக்ஸ் கதை கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் வெஸ்ட் இண்டீஸை ஜெயித்த இரவு. அவருக்கும் ஒரு நைட் கிளப் வாசலில் மறுபடி நுழைய அனுமதி கிடைக்கவில்லை. தெருவில் நடந்த சண்டை அதற்கு அப்புறம்தான்.

3. போலீஸ் வந்தபின் தெருவில்

கையைப் பாக்கெட்டிலிருந்து எடுங்கள், குரலைத் தணியுங்கள். இந்த இரண்டையும் செய்தவன் வீட்டுக்குப் போகிறான், செய்யாதவன் வேனில் போகிறான். பாதி நேரம் வித்தியாசம் அவ்வளவுதான்.

'இந்தப் பகுதியை விட்டுப் போ, திரும்பி வராதே' என்று போலீஸ் உத்தரவு கொடுக்கலாம். அது 48 மணி நேரம் வரை செல்லும், பெரும்பாலும் எழுத்தில் தருவார்கள். எங்கள் அணியின் இன்னொரு பையன் அதை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு சுற்றி கபாப் வாங்க அதே இடத்துக்கு வந்தான். அதற்கே கைது செய்யலாம், சிறைத் தண்டனையும் உண்டு. அவன் அதிர்ஷ்டம், திட்டு வாங்கிக்கொண்டு தப்பினான்.

போலீஸ்காரரின் கையைத் தட்டிவிடாதீர்கள். சாதாரண அடிதடிக்கு அதிகபட்சம் 6 மாதம் என்றால், பணியில் இருக்கும் போலீஸ், ஆம்புலன்ஸ் ஊழியர் மீது கை வைத்தால் 2 வருடம் வரை. காயமே ஏற்பட வேண்டியதில்லை. துப்பினாலும் தள்ளினாலும் போதும்.

'நான் யார் தெரியுமா' வேண்டாம். அது சட்டையில் மாட்டிய கேமராவில் பதிவாகி, ஒரு நாள் உங்கள் அணித் தலைவர் முன்னால் ஓடும்.

வண்டி விஷயம் ஒன்று. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது தெரிந்ததே. ஆனால் 'ஓட்டவில்லையே, காரில் தூங்கினேன்' என்று சாவியோடு உட்கார்ந்திருந்தாலும் இங்கே வழக்கு. குடித்துவிட்டு மின்சார ஸ்கூட்டரில் போனாலும் அதே குடிபோதைச் சட்டம்தான்.

4. ஸ்டேஷனுக்குள்

முதலில் உங்களை ஒரு மேசை முன்னால் நிறுத்துவார்கள். அங்கே இருப்பவர் கஸ்டடி ஆபீசர். உங்களைப் பிடித்தவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, லாக்கப்பில் உங்கள் நலனுக்குப் பொறுப்பு அவர். அவரிடம் முறைக்க வேண்டாம். நாலு விஷயம் கேளுங்கள்.

வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்டேஷனில் வக்கீல் ஆலோசனை எல்லோருக்கும் இலவசம். சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த அலுவலகம் அரசு சட்ட உதவி ஒப்பந்தத்தில் இருந்தால் அவரையே இலவசமாகக் கூப்பிடலாம். இல்லையென்றால் அந்த நேரத்துக்கான வக்கீல் ஒருவர் வருவார். இலவசம் என்பதால் மட்டமானவர் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு வந்த அம்மா, பிறகு நான் காசு கொடுத்து அமர்த்திய ஆளைவிட ஒரு படி மேல்.

ஒருவருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டவர் என்றால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கவும் கேட்கலாம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதுவும் இலவசம். 'எனக்கு இங்கிலீஷ் தெரியும்' என்ற வீம்பு வேண்டாம். டிரெஸ்ஸிங் ரூமில் பேசும் இங்கிலீஷ் வேறு. 'தள்ளினேன்', 'ஒதுக்கினேன்', 'கை பட்டது' மூன்றுக்கும் அங்கே விலை வேறு.

நர்ஸைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தலையில் அடி, விரலில் வீக்கம், கைவிலங்குத் தழும்பு எல்லாம் பதிவாக வேண்டும். இதில் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமான ஒரு விஷயம் உண்டு. வலிக்கு மாத்திரை கொடுத்தால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஊக்கமருந்துச் சோதனையில் அதை நீங்கள்தான் விளக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் இங்கே இருப்பேன் என்று சோதனைக்காக எழுதிக்கொடுத்திருக்கும் பட்டியலில் நீங்கள் இருந்தால், லாக்கப்பில் இருக்கும்போது அந்த மணி நேரம் வந்துவிடலாம். 12 மாதத்தில் மூன்று முறை இப்படித் தவறினால் அது ஊக்கமருந்து விதிமீறல். வக்கீலிடம் சொல்லி வெளியே உள்ள யாராவது உடனே தகவல் கொடுக்கட்டும்.

கைரேகை, போட்டோ, எச்சில் மாதிரி எடுப்பார்கள். அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, மறுத்துப் பிரயோஜனமில்லை. குற்றம் சாட்டாமல் வைத்திருக்கக்கூடியது வழக்கமாக 24 மணி நேரம். அந்தக் கணக்கு ஸ்டேஷன் வந்து சேர்ந்ததிலிருந்து ஓடும். பெரிய குற்றம் என்றால் நீட்டிக்கலாம். எங்கள் பையன் 17 மணி நேரம் இருந்தான். அதில் பாதி, போதை தெளியட்டும் என்று விட்டது.

வெளியே இருப்பவருக்கு: பணத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். நான் ஏடிஎம்மில் 500 பவுண்டு எடுத்துக்கொண்டு போனேன், ஜாமீன் கட்ட. முன் மேசையில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இங்கே ஸ்டேஷனில் ஜாமீனுக்குப் பணம் வாங்கும் வழக்கமே இல்லை. அவர் மனசு வைத்திருந்தால் லஞ்சம் கொடுக்க வந்தவன் என்று என்னையும் உள்ளே வைத்திருக்கலாம். அதே போல, அணித் தலைவரைவிட்டு இன்ஸ்பெக்டரிடம் பேசச் சொல்வதும் நடக்காது. பேசினால் அதுவும் ஒரு குறிப்பாக ஏறும்.

5. விசாரணை அறை

ஒலிப்பதிவு ஓடும். முதலில் ஓர் எச்சரிக்கை வாசிப்பார்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறகு கோர்ட்டில் உங்கள் வாதத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்போகும் ஒன்றை இப்போது கேட்டபோது சொல்லாவிட்டால் அது உங்கள் வாதத்துக்குப் பாதகமாகலாம். சொல்வது எதுவும் சாட்சியமாகும். இந்த நடுப்பகுதிதான் சிக்கல். சினிமாவில் பார்த்த மாதிரி வாயைத் திறக்காமல் இருப்பது எப்போதும் சரி என்றில்லை. தற்காப்புக்காகத் தள்ளினேன் என்றால் அதை அன்றே சொல்வது உதவும். எதைச் சொல்வது, எதை விடுவது, எழுதிக் கொடுப்பதா என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும்.

மிகப் பெரிய பொறி எது தெரியுமா? 'வக்கீல் வர நேரமாகும், நீயே பேசினால் சீக்கிரம் போகலாம்' என்ற நினைப்பு. போலீஸ் சொல்லக்கூட வேண்டாம், காலை ஆறு மணிக்கு அந்த நீல நிற மெத்தையில் உட்கார்ந்திருக்கும்போது நமக்கே தோன்றும். மூன்று மணி நேரம் காத்திருங்கள்.

6. வெளியே வரும் வழிகள்

வாசலில் ஒரு தாள் தருவார்கள். அது என்ன தாள் என்று கேட்காமல் நகராதீர்கள்.

'மேல் நடவடிக்கை இல்லை' என்றால் முடிந்தது. 90 பவுண்டு அபராதச் சீட்டு என்றால் 21 நாளுக்குள் கட்ட வேண்டும், அல்லது கோர்ட்டுக்குப் போகிறேன் என்று எழுத வேண்டும். விட்டால் ஒன்றரை மடங்கு. குற்றச்சாட்டு பதிவு என்றால் கோர்ட் தேதி இருக்கும்.

ஜாமீன் என்றால் நிபந்தனை இருக்கும். இன்னாரைத் தொடர்பு கொள்ளாதே, நகர மையத்துக்குள் வராதே, சில சமயம் பாஸ்போர்ட்டை ஒப்படை. முதல் கட்டம் 3 மாதம் வரை. எங்கள் அணியின் பஸ் கிளம்பும் இடமே நகர மையத்தில் இருந்தது. வக்கீல் பேசி ஒரு வரி மாற்ற இரண்டு வாரம் ஆயிற்று, இரண்டு வெளியூர் ஆட்டம் போனது.

'விசாரணை தொடர்கிறது, போகலாம்' என்று நிபந்தனையில்லாமல் விடுவதுதான் கேட்க இனிமையானது, அனுபவிக்கக் கொடுமையானது. அதற்குக் கெடுவே கிடையாது. சாதாரண அடிதடிக்கு மட்டும் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்க வேண்டும். தெருச் சண்டை, காயம் ஏற்படுத்தியது போன்ற பெரிய பிரிவுகளுக்கு அந்த வரம்பில்லை. முடிவில் குற்றச்சாட்டு தபாலில் வரும், நீங்கள் ஸ்டேஷனில் கொடுத்த விலாசத்துக்கு. செப்டம்பரில் சீசன் முடிந்து வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போயிருப்பீர்கள். கடிதம் பழைய வீட்டுக் கதவுக்கடியில் கிடக்கும், நீங்கள் கோர்ட்டுக்கு வராததற்கு வாரண்ட் வரும். விலாசம் மாறினால் வக்கீல் மூலம் எழுத்தில் தெரிவியுங்கள்.

கடைசியாக 'காஷன்'. மேலே சொன்ன எச்சரிக்கை வாசகத்துக்கும் இதே பெயர்தான், அதனால் பலர் குழம்புகிறார்கள். இது வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கோர்ட் இல்லாமல் விடுவார்கள். பரிசு மாதிரித் தெரியும். ஆனால் அது போலீஸ் பதிவில் குற்ற ஒப்புதல், விசா படிவங்களில் எழுத வேண்டும். வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் தாபோ செஃபலோஷா 2015இல் நியூயார்க் நைட் கிளப் வெளியே கைதானார், கால் எலும்பும் முறிந்தது. அரசுத் தரப்பு கொடுத்த சமரசத்தை மறுத்து வழக்கை நடத்தி விடுதலையானார். 2017இல் நகர நிர்வாகம் 40 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. எல்லோருக்கும் அப்படி ஆகாது. அவர் தப்பு செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் நின்றார். உங்கள் வழக்கில் நிலைமை என்ன என்பதை நேர்மையாக யோசியுங்கள்.

7. முதல் 31 நாள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். நைட் கிளப் சிசிடிவி பல இடங்களில் 31 நாள்தான் வைத்திருப்பார்கள், பிறகு அதன் மேலேயே பதிவாகும். போலீஸ் எடுத்திருப்பார்கள் என்று நம்பிக் கொண்டிருந்தேன். அவர்கள் எடுத்தது வாசல் கேமரா மட்டும். தெருமுனைக் கேமராவைக் கேட்டு நான் எழுதியது 38ஆம் நாள். போச்சு.

நீங்கள் மறுநாளே எழுதுங்கள். உங்கள் உருவம் இருக்கும் பதிவைக் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, கட்டணம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தேதி, நேரம், போட்ட சட்டை நிறம், எந்தக் கேமரா பக்கம் நின்றீர்கள் என்று எழுதுங்கள். 'அழிக்காமல் வைத்திருங்கள்' என்ற வரி முக்கியம். போலீஸின் உடல் கேமராப் பதிவையும் சாட்சியம் என்று குறிக்காவிட்டால் 31 நாளில் அழிப்பார்கள். அதை வக்கீல் கேட்கட்டும்.

காயங்களை அன்றும், மூன்றாம் நாளும் போட்டோ எடுங்கள். கன்றிப்போனது மெதுவாகத்தான் நிறம் மாறும்.

அணியின் வாட்ஸ்அப் குழுவில் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், சிரிப்பு முகம்கூட வேண்டாம். கீழே விழுந்தவருக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பவும் வேண்டாம். எங்கள் பையன் நல்ல மனதோடு இன்ஸ்டாகிராமில் 'சாரி பிரதர், மருத்துவச் செலவை நான் தருகிறேன்' என்று அனுப்பினான். போலீஸ் கண்ணுக்கு அது ஒப்புதல், கூடவே சாட்சியைக் கலைக்கும் முயற்சி.

8. அணிக்குச் சொல்வது

இது தனி வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோக்ஸ் 2017 செப்டம்பரில் கைதானார், 2018 ஜனவரியில் குற்றச்சாட்டு, ஆகஸ்டில் ஜூரி விடுவித்தது. நடுவில் ஆஸ்திரேலியாவோடு ஆடும் ஆஷஸ் டெஸ்ட் தொடர் முழுவதும் போனது. விடுதலைக்குப் பிறகும் டிசம்பரில் ஒழுங்குக் குழு 8 ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஏற்கனவே ஆடாமல் போன ஆட்டங்களைக் கழித்துக்கொண்டதால் புதிதாக உட்கார வேண்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டேவிட் வார்னர் 2013இல் பர்மிங்காம் மதுக்கூடத்தில் இங்கிலாந்து வீரர் ஜோ ரூட்டைக் குத்தியதற்கு வழக்கே இல்லை. ஆனாலும் அவருடைய வாரியம் 11,500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டு, அந்த ஆண்டு ஆஷஸின் முதல் டெஸ்ட் வரை ஆடவிடவில்லை.

ஆகவே அணிக்கு உடனே சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. எங்கே, எப்போது, என்ன நிலையில் இருக்கிறது, வக்கீல் யார் என்ற நாலு வரி. நடந்த கதையை எழுதிக் கொடுக்காதீர்கள். அணிக்கு எழுதியதைப் போலீஸ் கேட்டு வாங்க முடியும். கவுண்டி (மாவட்ட) அணி வீரர் என்றால் தொழில்முறை கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தைக் கூப்பிடுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது.

9. எங்களுக்கு ஆன செலவு

ஸ்டேஷன் வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். அதன் பிறகு பயந்துபோய் நான் தனியாக வக்கீல் வைத்தேன். 1,500 பவுண்டு என்று பேசி, பில் வந்தது 1,800. வாட் வரி 20 சதவீதம் தனியா என்று கேட்கத் தோன்றவில்லை. 'எல்லாம் சேர்த்து எவ்வளவு, எந்தக் கட்டம் வரை' என்று எழுத்தில் வாங்குங்கள். கோர்ட்டுக்கு முதல் நாள் போகும்போது அங்கேயும் இலவச வக்கீல் ஒருவர் இருப்பார். குற்றம் செய்தது உண்மைதான் என்றால் முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். தள்ளிப்போடப் போட அந்தச் சலுகை கரையும்.

வக்கீல் பில்லைவிடப் பெரிய நஷ்டம் ஆட்டச் சம்பளம். ஆறு ஆட்டம் உட்கார வைத்தார்கள், ஆறுக்கும் பணம் இல்லை. ஆனால் வீட்டு வாடகை ஓடியது.

10. முடிந்த பிறகு காகிதங்கள்

ஐந்தாம் மாதம் 'மேல் நடவடிக்கை இல்லை' என்று வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. அதைப் போலீஸ் தலைப்போடு கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றிய போன், சட்டை, காலணிக்கு அன்று கொடுத்த ரசீதும் வேண்டும், அது இல்லாமல் திரும்ப வாங்க அலைய விடுவார்கள். அவன் பந்துவீசும் ஷூவோடு போகவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

வழக்கு இல்லாமல் போனாலும் கைதான விஷயம் தேசியப் போலீஸ் கணினியில் இருக்கும், உங்களுக்கு 100 வயதாகும் வரை. நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை, ஆனால் காரணம் வலுவாக இருக்க வேண்டும். அமெரிக்க விசா படிவம் 'தண்டனை பெற்றீர்களா' என்று மட்டும் கேட்பதில்லை, 'எப்போதாவது கைதானீர்களா' என்றும் கேட்கும். ஆம் என்று எழுதி அந்தக் கடிதத்தை இணையுங்கள். இல்லை என்று எழுதி மாட்டினால் அது புதுக் குற்றம். அடுத்த வருடம் அங்கே ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தபோது எங்கள் பையன் ஆம் என்றுதான் எழுதினான். நேர்காணலில் கடிதத்தைப் பார்த்துவிட்டு அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: அன்றைக்கு ஆட்டம் ஜெயித்தீர்களா?